அமோனியாவுக்கு ஐஸ்

இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை செய்தேன். அதில் பாதிக் காலம் 'ரிஜெக்ட்' எழுதியே போயிற்று, அதிலும் அமோனியா பார்க்கும் இரத்தச் சாம்பிளுக்கு. இரத்தம் எடுத்தவுடன் ஐஸில் வைத்து, கால் மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும். வெளியே கிடந்தால் ரியூப்புக்குள்ளேயே அமோனியா கூடிவிடும். ரிப்போட் பொய் சொல்லும். எத்தனை தரம் சொன்னேன்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு நாள் காலை பிள்ளைகள் வாட்டில் மாங்கேணிப் பையன் ஒருவன், இரண்டு வயது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. கிருமிக்கு மருந்து ஏற்றியபடி டொக்டர் அமோனியாவும் கேட்டிருந்தார். சாம்பிள் ஐஸ் இல்லாமல் வந்தது. ரிஜெக்ட். ஒரு மணித்தியாலம் கழித்து அடுத்தது வந்தது, அற்றெண்டனின் சட்டைப் பொக்கற்றில்!

"என்ன தம்பி, இது என்ன பீடிக்கட்டா?"

"வாட்டில பிரிஜ் பழுது சேர். ஐஸுக்கு நான் எங்க போறது?"

"அது என்ர வேலையில்ல" என்று அதையும் திருப்பினேன். மூன்றாவதும் அப்படியே வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சண்டை பிடிக்கத்தான் வாட்டுக்குப் போனேன்.

கட்டிலடியில் பையனின் தகப்பன் நின்றார், கடற்தொழில் செய்பவர். பக்கத்தில் மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி ஒன்று. திறந்தால் நிறைய ஐஸ், நடுவில் விளைமீன்.

"இது என்னத்துக்கு அண்ணன்?"

"இவன் கண் முழிச்சா சூப்பு வைக்கத்தான் சேர். தாய்ப்பால் மறக்கப்பண்ணின நாளில இருந்து மீனும் முட்டையும்தான் குடுக்கிறம். குடுக்கக் குடுக்க இன்னும் சோந்து போறான்."

நேர்ஸ் உடனே இரத்தம் எடுத்தார். ரியூப்பைச் சொப்பிங் பையில் போட்டு, அந்த ஐஸை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அமோனியா எக்கச்சக்கம், மூளையையே மயக்கும் அளவு. ரிப்போட்டோடு சூப்புக் கதையையும் டொக்டரிடம் சொன்னேன். மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றினார்.

புரதம் உடைந்தால் அமினோ அமிலம். அதில் சிலதை முழுதாக உடைக்கும் என்சைம் இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இல்லை என்று பிறகு செய்த பரிசோதனையில் தெரிந்தது. பாதியில் நின்றது அமிலமாகத் தேங்கி, உடம்புக்குச் சக்தி உண்டாக்கும் மைற்றோகொண்ட்ரியாவை அடைத்துவிடும்; அமோனியாவும் கழியாமல் கூடும். ஈர விறகு திணித்த அடுப்பு மாதிரி. சத்தென்று கொடுத்ததுதான் பிள்ளையின் சக்தியைத் தின்றது.

மூன்றாம் நாள் பையன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். தகப்பன் என்னைத் தேடி லாப் வாசலுக்கு வந்தார்.

"நானே என்ர புள்ளைக்கு நஞ்ச ஊட்டிட்டனா சேர்?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணன்" என்றேன். அவர் அழுதார். அமோனியா ரிப்போட் பிந்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மூன்று மணித்தியாலம் ரிஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

லாப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, ஐஸ் இல்லாத அமோனியாவைக் கட்டாயம் ரிஜெக்ட் பண்ணுங்கள். பண்ணிவிட்டு, ஐஸை நீங்களே எடுத்துக்கொண்டு வாட்டுக்குப் போங்கள்.