பானைக்குப் பூசிய பளபளப்பு

வெள்ளீயத்தை வளைத்தால் அது அழும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். கட்டியைக் காதருகே வைத்து வளைத்தால் உள்ளிருக்கும் படிகங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சென்று சத்தம் வருமாம். எங்கள் ஆய்வகத்தில் வெள்ளீயம் பொடியாகத்தான் இருந்தது. அந்த அழுகையைக் கேட்க எனக்கு வாய்ப்பு வந்தது 1991-இல், என் மகளுக்கு ஆறு மாதம் நிறைந்த சமயம்.

அப்போது வடக்குப்பட்டில் குடியிருந்தோம். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், வேலைக்குப் போகவில்லை. படித்தது மறந்துவிடுமோ என்ற பயத்தில் தனிமங்களைச் சேர்க்கத் தொடங்கினேன். காலியான ஊசிமருந்துப் புட்டிகளைச் சுகாதார நிலைய நர்சம்மா கழுவிக் கொடுப்பார். டார்ச் பேட்டரியின் கூட்டிலிருந்து துத்தநாகம், அதன் நடுத்தண்டிலிருந்து கரி, பழைய பல்பிலிருந்து டங்ஸ்டன் இழை, ஏரியில் வலை போடுபவர் தந்த காரீயக் குண்டு. பொட்டாசியத்தைத் தனியாக வீட்டில் வைக்க முடியாது, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் பொட்டாசியம் அயோடைடு என்ற உப்பைக் கல்லூரியில் கேட்டு வாங்கி, பொட்டாசியம், அயோடின் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புட்டியாக வைத்திருந்தேன். குழந்தை பிறந்ததும் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஏற்றிய பிறகும் பரண் பலகை இற்றுப்போயிருக்குமோ என்று அடிக்கடி அண்ணாந்து பார்ப்பேன்.

"இன்னாமே, ஓட்டை ஒடசல் கடை வெக்கப் போறியா?" என்பார் அண்ணி. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. தாய் இறந்தபின் தம்பியை வளர்த்தவர், பக்கத்து வீட்டில் இருந்தார். குழந்தையின் முதல் சோற்றை அத்தை கையால் பொங்கி ஊட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்காக அண்ணி தன் அம்மாவின் பித்தளைப் பானையை வெளியே எடுத்தார். உட்புறம் ஈயம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. சைக்கிளில் வந்து ஈயம் பூசித்தரும் கலாய்க்காரரைக் கூப்பிட்டார்கள்.

என் கணவர் அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சிறிய மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். அங்கே சர்க்யூட் போர்டுகளைப் பற்றவைக்கத் தொட்டியில் உருக்கும் சால்டர் பார் என்ற ஈயக் கட்டியின் துண்டு முனைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்திருந்தார்.

"தெருவுல பூசுற ஈயமெல்லாம் கலப்படம்கா. இது கம்பெனி சரக்கு, ஜப்பான்லருந்து வருது. எம்பொண்ணு சாப்புடப் போற பானை, வெள்ளி மாதிரி மின்னணும்" என்றார்.

கலாய்க்காரர் பானையைக் காய்ச்சி நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை எழுந்தது. சால்டரைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். மஞ்சள் உலோகத்தின் மேல் நிலா வெளிச்சம் ஓடினதுபோல் வெண்மை பரவியது.

"இன்னா சார் இது, வெண்ணெ மாதிரி உருகுது!" என்று அவரே வியந்தார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் வாய் பிளந்துதான் இருந்தது. மிஞ்சிய ஒரு துண்டை என் சேகரிப்புக்கு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மகள் தூங்கும்போது அந்தத் துண்டைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தேன். வெள்ளீயமானால் அழ வேண்டும், சத்தமே இல்லை. இன்னொரு முறை. மெழுகு மாதிரி ஊமையாக வளைந்தது. வெள்ளைத் தாளில் தேய்த்தேன். பென்சில் கோடுபோல் மங்கலாக ஒரு கறுப்பு. காரீயக் குண்டும் அதே கோட்டைத்தான் போட்டது.

காரீயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு என்று படித்திருக்கிறேன். அன்று மாலை கணவரிடம் கேட்டேன். "சால்டர்ல காரீயம் கலந்திருக்குமாங்க?"

"சால்டர்னா சால்டரு. தொட்டியில போடுறோம், உருகுது, போர்டு அது மேல போவுது. அவ்ளோதான் தெரியும்" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "தோ பாரு, போன மாசம் பவுடர்ல இன்னாவோ கீதுன்னே. அதுக்கு முன்னால புள்ள தும்முனதுக்கே படப்பை டாக்டர்கிட்ட ஓடுனே. அக்காகிட்ட போயி அவங்கம்மா பானையில வெசம்னு சொல்லிடாதே, தாயே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் எதற்கும் பயப்படுகிறவள். ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது?

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். சால்டரைச் சுரண்டி ஒரு புட்டியிலும், காரீயக் குண்டைச் சுரண்டி இன்னொன்றிலும் போட்டு வினிகர் ஊற்றினேன். மூன்றாவதில் வெறும் வினிகர். மூன்றையும் கைக்கெட்டாத மாடிச்சுவரில் வெயிலில் வைத்தேன். காரீயம் கரைந்திருந்தால், பொட்டாசியம் அயோடைடு பட்டதும் மஞ்சளாகத் திரிய வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம். உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெறும் வினிகர் அப்படியே இருந்தது. காரீயப் புட்டி மஞ்சளாயிற்று. கடைசியாகச் சால்டர். சொட்டு விழுந்த இடத்தில் மஞ்சள் மேகம் எழுந்து அடிவரை பரவியது. அரைத்த மஞ்சளேதான்.

அப்போதும் என் மனம் ஒப்பவில்லை. வேறு ஏதாவது கலந்து மஞ்சளாகியிருக்கலாமே? இன்னும் ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. புட்டியில் தண்ணீர் சேர்த்து, வெந்நீர்ச் சட்டியில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் முழுக்க மறைந்து, தண்ணீர் தெளிந்துவிட்டது. மறைய வேண்டும் என்று படித்ததுதான். ஆனாலும் கண்ணெதிரே இல்லாமல்போனதும், எல்லாமே என் பிரமையோ என்று கலங்கினேன். புட்டியை வெளியே எடுத்து ஆறவிட்டேன்.

முதலில் ஒரே ஒரு பொட்டு மின்னியது. பிறகு இன்னொன்று. திடீரென்று தெளிந்த நீர் முழுவதும் பொன் தகடுகள் பிறந்தன. ஊசிமுனை அளவு தகடுகள், ஒவ்வொன்றும் புரண்டு புரண்டு வெயிலை வாங்கி எறிந்துகொண்டு, மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறங்கின. எங்கிருந்து வந்தன? ஒரு நொடிக்கு முன் அங்கே தண்ணீர்தான் இருந்தது. அத்தனை அழகை நான் கோயில் நகையில்கூடப் பார்த்ததில்லை. அதுதான் நஞ்சு என்பதும் தெரிந்தே இருந்தது. பயமும் வியப்பும் சேர்ந்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாடி அது, தங்கமா?"

காய்ந்த மிளகாயை அள்ள மாடிக்கு வந்த அண்ணி முறத்தோடு நின்றிருந்தார். இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இது சோத்துல எறங்குமா?"

"இந்த மாதிரி மின்னாது அண்ணி. ஆனா காரீயம் எறங்கலாம். எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சமாத்தான் இருக்கும். ஒண்ணுமே ஆவாமலும் போவலாம்."

"தெரியாதுன்றே."

"தெரியாது அண்ணி."

"அப்புறம் தெரியாததை எதுக்கு புள்ள வாயில வெக்கணும்?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. கீழே போய்ப் பானையைக் கையில் எடுத்துக்கொண்டு, உட்புறப் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா பொங்கிய பானை. பிறகு அதைக் கவிழ்த்து, யாரும் எடுக்காதபடி கோணிப்பையில் வைத்துக் கட்டினார்.

ஷிப்ட் முடிந்து என் கணவர் வந்ததும் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாடா ஜப்பான்காரா! உன் வெள்ளியை நீயே துண்ணு. போயி ஒரு புது மண்பானை வாங்கினு வா, கடை மூடறதுக்குள்ள."

கணவர் என்னைப் பார்த்தார். நான் புட்டியை நீட்டினேன். குலுக்கிப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை, புது மண்பானையில் சோறு குழையப் பொங்கியது. அண்ணி தன் மடியில் மகளை உட்காரவைத்து, விரல் நுனியில் ஒரு பருக்கையை மசித்து உதட்டில் வைத்தார். மகள் முகம் சுளித்தாள், யோசித்தாள், விழுங்கினாள். சின்னத் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அந்தப் பருக்கையின் கரியும் ஹைட்ரஜனும் இனி அவளாகவே ஆகப்போகின்றன என்ற நினைப்பில் நான் அசையாமல் நின்றேன்.

"இன்னாமே சிலையாட்டம் நிக்கறே? அதுக்குள்ள அடுத்த வாய்க்குத் தொறக்குது பாரு" என்றார் அண்ணி.