கொக்கி வைத்த தலை

லேடீஸ் டெய்லர் தொழிலில் கை கொஞ்சம் நடுங்கினால்கூடச் சமாளித்துவிடலாம், கண் சரியில்லை என்றால் அடி விழும். மந்தைவெளியில் பதினெட்டு வருஷம் ரவிக்கை தைத்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

தலைக்குள் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பஸ் ஸ்டாப்பில் வரிசையாக மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுங்கள்.

கண்ணடித்த வழக்கு

பெல்பாட்டம் தைக்கிற ஜென்ட்ஸ் டெய்லர்கள் தெருவில் ராஜாவாகத் திரிந்த காலம் அது. தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. மூன்று நாளாக இடது கண்ணுக்கு மேலே விடாத தலைவலி. ராத்தூக்கம் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் ஊசியில் நூல் கோக்கப் போனால் இரண்டு ஊசி தெரிந்தது. இடது கண்ணிமை நான் சொல்வதைக் கேட்காமல் தானாகச் சரிந்து சரிந்து விழுந்தது.

அபிராமபுரத்திலிருந்து ஓர் அம்மாள் அளவு ரவிக்கை கொடுக்க வந்தார். "வெள்ளிக்கிழமை கண்டிப்பா தரேம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த நேரம் பார்த்து இமை விழுந்தது. அம்மாள் துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்காரர் குடையோடு வந்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பக்கத்து மெஷினில் இருந்த என் கூட்டாளி கண்ணப்பன்தான் எழுந்து நடுவில் நின்றான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவுரு காத்தாலேருந்து என்னைப் பாத்துகூட கண்ணடிச்சிக்கினு கீறாரு!"

சிஸ்டர் வந்தார்

ஸ்டெல்லா சிஸ்டர் எங்கள் பழைய கஸ்டமர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை கொடுத்திருந்தார். அளவு சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் டேப்பைக் கீழே வைக்கச் சொன்னார். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். இத்தனை வருஷத்தில் ஒரு கஸ்டமர் என் மோவாயைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் அசையவில்லை.

இரண்டு கருமணியும் ஒரே அளவில் இல்லையாம், இடது பக்கம் அகலமாக விரிந்திருக்கிறதாம். "மெஷினை மூடுங்க, என்கூட வாங்க" என்றார். வியாழக்கிழமைக்குப் பதினெட்டு ரவிக்கை பாக்கி இருக்கிறது, தீபாவளி போகட்டும், வருகிறேன் என்று இழுத்தேன். சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. மெஷின் மூடியைத் தானே எடுத்துக் கவிழ்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா பதினெட்டும் பாதியில நிக்கும் டெய்லர். அதுல ஒண்ணு என்னுது. கெளம்புங்க."

கொக்கி

தலைக்குள் ஏதோ இருக்கிறது, வீட்டில் சொல்லிவிட்டு நாளைக்கு வந்து சேருங்கள் என்று அன்று டாக்டர் சொல்லி அனுப்பியதைத்தான் பஸ் ஸ்டாப்பில் சுமந்துகொண்டு நின்றேன். மறுநாள் கழுத்தில் ஊசி குத்தி, மருந்து ஏற்றி, தலையைப் படம் எடுத்தார்கள். தொழில் முறையில் சொல்கிறேன், அது ஊசி இல்லை, கோணி தைக்கிற ஊசி. மருந்து உள்ளே போனதும் இடது பக்க முகம் முழுக்க இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி கொதித்தது.

பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என் மனைவி சரோஜாவுக்கும் எனக்கும் காட்டினார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் ஓர் இடம் பலவீனமாகி, சின்னப் பட்டாணி அளவுக்கு உப்பியிருந்தது. அது வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் ஒரு கிளிப் போட வேண்டும். "நீங்க ரவிக்கைக்குக் கொக்கி வெப்பீங்களே, அப்படி வெச்சுக்கோங்க" என்று எனக்குப் புரியும்படி சொன்னார். எனக்குப் புரிந்ததுதான் வினையாகிவிட்டது. நான் வைத்த கொக்கி வாரத்துக்கு நாலாவது பிய்த்துக்கொண்டு திரும்பி வரும்.

இடது பக்க மூளை என்பதால் வலது கை வராமல் போகலாம், பேச்சும் போகலாம், சொல்லவேண்டியது என் கடமை என்றார். கத்தரி பிடிக்கிற கை. சரோஜா என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சாவுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. கை போய் உயிர் மட்டும் மிஞ்சினால் நான் யார் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. ஆனால் வாயில் வந்ததோ வேறு. "கொக்கி பிய்ஞ்சிட்டா என்ன டாக்டர் பண்றது?" என்று கேட்டேன்.

"உங்க கடை மாதிரி ரிப்பேருக்குக் கொண்டுவர முடியாதுப்பா. அதனால ஒரு தடவைதான் வெப்பேன், ஒழுங்கா வெப்பேன்."

கண்டக்டரின் தலை

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற தாளில் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் கடத்தினேன். அப்படிக் கடத்துகிறவர்களுக்கென்றே ஓர் ஆள் இருந்தார் அந்த வார்டில். மாணிக்கம், பஸ் கண்டக்டர். எட்டு மாசத்துக்கு முன் அதே டாக்டர் அவர் தலையைத் திறந்து அதே மாதிரி கிளிப் போட்டிருந்தார். டியூட்டி இல்லாத நாளெல்லாம் பார்வையாளர் நேரத்துக்கு வந்துவிடுவார். யார் கட்டிலில் கையெழுத்து ஆகாத தாள் இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, தலையைக் குனிந்து கொடுப்பார். யாரும் அவரை அனுப்பவில்லை. ஆனால் அவர் தலையைத் தொடாமல் அந்த வார்டிலிருந்து ஆபரேஷனுக்குப் போனவர்கள் குறைவு.

தொட்டேன். காதுக்கு மேலே விரல் படுத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு பள்ளம். அதன்மேல் முடி முளைத்திருந்தது. அவர் எதையும் பூசி மெழுகவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் வாயில் வார்த்தை வரவில்லை, பெண்டாட்டியைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற 'ஹோல்டான்' என்றுதான் சொல்ல முடிந்தது என்றார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். இப்போதும் இருக்கிறது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு பதில்தான் என்னை அவரை நம்ப வைத்தது. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதுக்கு இன்னா டிக்கெட்னு கேக்கலியே நைனா? நீ நல்லாயிட்டா, நாளிக்கி இன்னொருத்தன் வருவான், உன் மண்டைய நீ குடுக்கணும். அவ்ளோதான்."

அடுத்த கட்டில்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

என் பக்கத்துக் கட்டிலில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர். எனக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குத் தேதி. மொட்டையடித்துக்கொண்டு, தலையைத் தடவிச் சிரித்துக்கொண்டு தள்ளுவண்டியில் போனார். மறுநாள் அவர் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். சரோஜா அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதபடி ஸ்டூலை நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாணிக்கம் வந்தபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாத்தியாரும் உம்முடைய தலையைத் தொட்டாரா இல்லையா என்று சண்டைக்காரன் மாதிரி கேட்டேன். அவர் கண் கலங்கியது. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தொட்டாருப்பா. தொட்டா நல்லாயிடும்னு நான் எப்போ சொன்னேன்? பயந்துக்கினு தனியா போவ வேணாம்னுதானே வரேன்."

இரண்டு இடது கை

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நான் தேடியது சாமியையும் இல்லை, சரோஜாவையும் இல்லை, மன்னிக்க வேண்டும். வலது கைக் கட்டைவிரலைத் தேடினேன். அசைந்தது. அழுதுவிட்டேன். இமை மட்டும் ஒன்றரை மாசம் எடுத்துக்கொண்டது. தினமும் காலையில் சரோஜா காப்பியோடு வந்து, இமை திறந்ததைக் கடுகளவு, மிளகளவு என்று அளவு சொல்வாள். மொட்டைத் தலைக்கு ரவிக்கை தைத்து மிஞ்சிய ரூபியாத் துணியில் நானே ஒரு தொப்பி தைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து, திரும்பக் காட்டிக்கொள்ள வருகிற நாளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருகிற மற்ற தலைகளும் கேட்டன. மாணிக்கத்துக்கு ஆரஞ்சுதான் வேண்டுமாம்.

மூன்று மாசம் கழித்துக் கடையில் உட்கார்ந்தேன். முதல் ரவிக்கை ஸ்டெல்லா சிஸ்டருடையது. தம்பி கல்யாணம் முடிந்தே போயிருந்தது, ஆனாலும் என் கையால்தான் வேண்டும் என்று துணியைத் திரும்ப வாங்காமல் வைத்திருந்தார். ரவிக்கைக் கையில் முன்பக்கம் குழி அதிகம் வெட்டுவோம். பட்டுத் துணியை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து மடித்து வெட்டினால் ஒரு வலது, ஒரு இடது வரும். ஒரே பக்கமாக அடுக்கி வெட்டினால் இரண்டும் ஒரே கையாகிவிடும். தொழில் கற்க வந்த முதல் மாசத்தில் சொல்லித் தருவது.

வெட்டி முடித்து விரித்தேன். இரண்டும் இடது கை. ஜரிகைக் கரை போட்ட பட்டு, உள் பக்கத்தைத் திருப்பிப் போடவும் முடியாது. கொக்கி நழுவிவிட்டது, டாக்டர் எதையோ எடுத்துவிட்டார், இனிமேல் நான் டெய்லர் இல்லை என்று மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டேன். கண்ணப்பன் வந்து இரண்டு கைகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான்.

"அட இன்னா நைனா, போன மாசம் நானும் ரெண்டு எடது கைதான் வெட்னேன். என் மண்டைய எவன் தொறந்தான்?"

என் முறை

மீதித் துணியில் ஒட்டுப் போட்டு, அதைக் கரையால் மறைத்து, சிஸ்டர் கண்டுபிடிக்காதபடி ஒரு வலது கை தைத்துக் கொடுத்தேன். அந்தக் கையை மட்டும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுத்தார். அந்த வாரமே மாணிக்கம் கடைக்கு வந்தார். பெண்கள் வார்டில் ஒரு பாட்டு டீச்சர், மயிலாப்பூர், கையெழுத்துப் போட மறுக்கிறார், கண்டக்டர் தலையெல்லாம் தொட மாட்டேன் என்கிறார், நீ போ என்றார்.

போனேன். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் போய்விடுமா என்று அந்த அம்மாள் கேட்டார். தெரியாதம்மா, எனக்குக் கை போய்விடும் என்றார்கள், போகவில்லை, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பி வரவில்லை, இரண்டும் நடந்தது என்றேன். எங்கே கற்றுக்கொண்டேனோ அதே மாதிரிதான் சொல்ல வந்தது. தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். பதினெட்டு வருஷம் மேலே விரல் படாமல் பெண்களுக்கு அளவெடுத்தவன், முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு விரல் வந்தது. தழும்பின் ஓரமாகவே மெள்ளப் போனது.

"தையல் கோணலா இருக்கே, யார் போட்டா?" என்றார். டாக்டர் என்றேன். "நீங்க போட்டிருந்தா நேரா வந்திருக்கும்" என்று சிரித்தார். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் எழப் போனேன். அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. இப்போது முழுக் கையும் என் தலைமேல் இருந்தது, நடுங்கிக்கொண்டு.

"சித்த இப்படியே இருங்கோ. கை நடுக்கம் நின்னதும் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஆறு மாசம் கழித்து அதே அம்மாள் கடைக்கு வந்து, நான் தைத்த ரவிக்கை கச்சேரியில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் அக்குளில் பிடிக்கிறது, எல்லாவற்றையும் பிரித்துத் தை என்று கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். பதினெட்டு வருஷத்தில் ஒரு கஸ்டமர் போட்ட சத்தம் என் காதுக்கு இத்தனை இனிமையாக இருந்ததே இல்லை.