மினுங்குவதெல்லாம்

“நாளைக்குக் காலைல ஒண்ணுக்குப் போறப்ப பச்சையா வரும். சாயந்தான். கத்தி வார்டைக் கூட்டிறாதீங்க,” என்று அறுவைக்குக் காத்திருந்த புவாலாயிடம் சொல்லிக்கொண்டே, அவருடைய விரல்களிலிருந்து நகப்பூச்சைத் துடைத்தார் லம்துவான். அறுவை அரங்கில் முப்பத்தொரு வருட நர்ஸ். ஒவ்வொரு பெண்ணிடமும் இதை இரண்டு தடவை சொல்வார். முன்பு ஒருத்தி காதில் வாங்காமல் இருந்துவிட்டு, மறுநாள் தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரிலிருந்து பிக்குவை வரவழைத்துவிட்டாள்.

கோன் கேன் நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. கருப்பையின் உட்சுவரில் வந்த புற்று வெளியே கிளம்பினால், பெரும்பாலும் முதலில் போய் இறங்குவது, இடுப்பின் இரு பக்கமும் உள்ள காவல் கணு என்கிற நிணநீர்க் கணுவில். அதைக் கண்டுபிடிக்கக் கருப்பை வாயில் சாயத்தை ஊசியால் ஏற்றுவார்கள். நீலச் சாயம் வெறும் கண்ணுக்குத் தெரியும். பச்சைச் சாயம் அதற்கென்று உள்ள கேமராவில்தான் மினுங்கும். எது கெட்டிக்காரச் சாயம் என்று பார்க்க, ஒவ்வொருத்திக்கும் இரண்டையும் போட்டு, கணு கிடைத்ததா என்று இடது, வலதாக நான்கு கட்டங்களில் குறிக்க வேண்டும். குறிப்பவர் லம்துவான். அவருக்கு நீலத்தைப் பிடிக்காது. இரண்டு ஜோடி வெள்ளைச் செருப்பைப் பாழாக்கியிருக்கிறது. அந்தக் கோபம் கட்டங்களுக்குள் வந்ததில்லை.

டாக்டர் தனவத் பச்சைக் கட்சி. புவாலாயின் இடது பக்கம் இரண்டு சாயமும் கணுவைக் காட்டின. வலது பக்கம் நீலம் எட்டிப் பார்க்கவில்லை. திரையில் மட்டும் பச்சையாக ஏதோ மினுங்கியது. டாக்டர் அதை வெட்டியெடுத்து, “வலது, பச்சை, கிடைச்சிருச்சு. எழுதிக்கங்கக்கா,” என்றார்.

லம்துவான் எழுதவில்லை. “மினுங்குறதெல்லாம் கணு இல்ல டாக்டர். சாயம் ஒழுகுனா கொழுப்பும் மினுங்கும்.”

“இங்க யாருக்கா டாக்டர்?”

“நீங்கதான். பேனா என்கிட்ட இருக்கு.”

கட்டம் காலியாக இருந்ததால், துண்டு அப்போதே ஆய்வுக்கூடத்துக்குப் போனது. இருபத்தைந்து நிமிடத்தில் வெறும் கொழுப்பு என்று பதில் வந்தது. கணு அகப்படாத பக்கத்துக் கணுக்களை முழுதாக வழித்தெடுக்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. தனவத் முனகிக்கொண்டே வழித்தெடுத்தார். பத்தாம் நாள் அறிக்கை வந்தது: வலது பக்கத்துக் கணு ஒன்றில், அரிசி மணியளவு புற்று.

புவாலாய் பேருந்து நிலையத்தில் சுட்ட கோழி விற்பவர். கீமோ எல்லாம் முடிந்த பிறகு, மொட்டைத் தலையில் துணி கட்டிக்கொண்டு, கோழிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். எந்தச் சாயம் தன்னைக் காப்பாற்றியது என்று தெரிந்துகொண்டு போக வேண்டுமாம்.

“ரெண்டும் கோட்டை விட்டுருச்சுக்கா,” என்ற லம்துவான், பொட்டலத்தில் மிளகாய்ச் சட்னி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார்.

மறுநாள் மேசையில் வேறொருத்தி. வலது பக்கம் பச்சை மினுங்கியது. தனவத் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, திரையை லம்துவான் பக்கம் திருப்பினார். லம்துவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, திரையின் ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்.