ஒரு கையால் பிரிக்கிற பெட்டி

அண்ணன் இறந்த பிறகு சில்லறையின் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே சொல்தான்: சரி.

சில்லறை என்பது அண்ணன் வைத்த பெயர். அவர் பேருந்தில் கண்டக்டர். “நான் நோட்டு, இவ சில்லறை. நோட்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் சில்லறை இல்லாம பொழப்பு ஓடாது” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அந்தப் பெயர் தெருவில் பரவி, அவள் லென்ஸ் தேய்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வரைக்கும் போய், நாற்பத்துநான்கு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஏன் என்று கேட்டு வாய் வலித்து, உறவுக்காரர்களும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்கள்.

ஒரு மதியம், கடைசி நிறுத்தத்தில் ஆட்களை இறக்கிவிட்டு அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்தார். டீ குடிக்கக் கூப்பிட வந்த டிரைவருக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம். சில்லறை அழவில்லை. “அழுத்தக்காரி” என்றார்கள் சிலர். “பாவம், உள்ளுக்குள்ளேயே வச்சிருக்கா” என்றார்கள் வேறு சிலர். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்திருந்த கால் மாதிரி இருந்தது. கால் இருக்கிறது, கிள்ளினால் தெரியவில்லை.

அண்ணன் விட்டுப்போனது இருநூற்றுப் பதின்மூன்று கோப்பைகள். பீங்கானும் கண்ணாடியும் எனாமலுமாக, போகிற ஊரிலெல்லாம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வாங்கியவை. முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை அடித்து அடுக்கியிருந்தார். ஆறு மாதம் கழித்துக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா ஏறி வந்து, அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

“ஓதம் ஏறிப்போச்சும்மா. இடிச்சுத்தான் கட்டணும். இந்தக் கப்பையெல்லாம் ஒரு வழி பண்ணிடறியா?”

“சரி.”

“ரெண்டு மாசம் டைம் எடுத்துக்க. அவசரமில்ல.”

“சரி.”

கடையில் கவுண்டரில் நிற்கும் பெண்தான் ஆன்லைனில் விற்கலாம் என்றாள். அவளே வந்து படம் எடுத்து, விவரம் எழுதி, சில்லறையின் போனில் கணக்குத் திறந்து கொடுத்தாள். “யார் எப்படி பேக் பண்ணச் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிடாதக்கா. அங்கதான் ஸ்டார் குறைப்பாங்க” என்று எச்சரித்தாள். அந்த எச்சரிக்கை தேவைப்படவில்லை. முடியாது என்று சொல்வதற்கே கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வாங்குகிறவர்களில்தான் எத்தனை ரகம்! நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும் என்றார் ஒருவர். நியூஸ்பேப்பர்தான் வேண்டும், அதுவும் பழசாக இருந்தால் படிக்கலாம் என்றார் இன்னொருவர். தெர்மோகோல் உருண்டை போடாதீர்கள், எங்கள் பூனை தின்றுவிடும். கப் தனியாக, சாசர் தனியாக, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. ஒரு புதுமாப்பிள்ளை, “என் மனைவி எந்தப் பெட்டியா இருந்தாலும் ஆட்டிப் பார்த்தே உள்ளே என்னன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. டிவி வர்ற சைஸ் பெட்டியில போட்டு, கூட ரெண்டு செங்கல்லும் வைங்க” என்று எழுதியிருந்தார். சில்லறை எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று பதில் போட்டாள். தெருமுனையில் கட்டட வேலை நடந்தது. இரண்டு செங்கல் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, காகிதம் சுற்றி வைத்தாள்.

உண்மையில் அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. காலையில் எழுந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். யாரோ ஒருவர் எழுதி அனுப்பியிருப்பார். அதைப் படித்து அதன்படி கையை அசைத்தால் போதும். வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடும்.

ஒரு நாள் ஒரு அம்மாள், “பிளாஸ்டிக் வேண்டாம், காகிதமும் வேண்டாம், மெல்லிசான பழைய துணியில் சுற்றி அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தார். சில்லறை அலமாரியைத் திறந்தாள். அண்ணனின் காக்கிச் சட்டைகள் எட்டு, இஸ்திரி போட்ட மடிப்பு கலையாமல் இருந்தன. கத்தரியை எடுத்து முதல் சட்டையைக் காலரிலிருந்து கீழே வரைக்கும் நேராக வெட்டினாள். அந்த நேரம் பார்த்து வந்த கவுண்டர்ப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா! அது அண்ணனோட சட்டை!”

“ஆமா.”

“உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

சில்லறை துணியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நிஜமாகவே ஏதாவது தோன்றுகிறதா என்று தேடினாள். “நல்லா மெத்துன்னு இருக்கு. பல தடவை துவைச்சது இல்லையா” என்றாள்.

கவுண்டர்ப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தான்களைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள்.

இப்படியே பாதிக் கோப்பைகள் போய்ச் சேர்ந்த சமயத்தில்தான் ஒரு தையல்காரரின் செய்தி வந்தது. எழுதவில்லை, குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். கொஞ்சம் குழறிய, நிதானமான குரல்.

“அம்மா, நீல விளிம்பு போட்ட அந்த வெள்ளைக் கப் எனக்கு வேணும். பிடி பெருசா இருக்கு, மூணு விரல் நுழையும் போலிருக்கு. நான் தையல்காரன். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. என்ன பார்சல் வந்தாலும் மக வந்து பிரிச்சுக் குடுக்கறா. நல்ல பிள்ளைதான், குறை சொல்லல. ஆனா இது ஒண்ணை நானே பிரிக்கணும்மா. ஒரு கையால பிரிக்கிற மாதிரி கட்டி அனுப்ப முடியுமா?”

சரி என்று பதில் போட்ட பிறகுதான் அது எப்படி என்ற கேள்வி வந்தது.

அவள் வழக்கம்போல ஒரு பெட்டியைக் கட்டினாள். சட்டைத் துணியில் நீளப் பட்டை ஒன்றைக் கிழித்துத் தன் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்க வேண்டியிருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து இடது கையால் பெட்டியைப் பிரிக்கப் பார்த்தாள். டேப்பின் நுனி எங்கே என்றே தெரியவில்லை. நகத்தால் கிளப்பினால் பெட்டி நகர்ந்தது. கத்தியால் குத்தினால் இன்னும் வேகமாக நகர்ந்தது. பெட்டி முன்னால் போக, இவள் பின்னால் தவழ்ந்து போக, அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசியில் கதவு மூலையில் வைத்து முழங்காலால் மடக்கிப் பிடித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. அதுவும் அவளுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்ததால்.

பெட்டி நகராமல் இருக்க வேண்டும். அதற்கு வழி கடையில் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காரும் சிலிக்கான் பொட்டுகள் இருக்கின்றனவே, பழையதைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். வியர்வை வழியும் மூக்கிலேயே வழுக்காமல் நிற்கிற சாமான், தரையில் நிற்காதா? பன்னிரண்டு பொட்டுகளைப் பெட்டியின் அடியில் பசை வைத்து ஒட்டினாள். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது.

மூடிக்கு டேப் போடவில்லை. காக்கித் துணியைப் பட்டையாகக் கிழித்துப் பெட்டியைச் சுற்றி, உருவுமுடிச்சாகப் போட்டு, இழுக்கும் நுனியில் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்தாள். பொத்தானைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழும். மூடி தானாகத் தூக்கிக்கொள்ளும். உள்ளே கோப்பையை எதிலும் சுற்றவில்லை. மடித்த துணியில் கூடு மாதிரி செய்து, பிடி மேலே தெரிய உட்கார வைத்தாள். முதலில் எவர்சில்வர் டம்ளரை வைத்துப் பழகினாள். ஏழு முறை கட்டி, ஏழு முறை இடது கையால் அவிழ்த்தாள். பிறகு கோப்பையை வைத்துக் கட்டி, முழுப் பெட்டியையும் கட்டிலிலிருந்து இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டும் பார்த்தாள். கோப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூரியர் ஆபீஸில் எடை போடுகிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பெட்டிக்குக் கால் முளைச்சிருக்கு?” என்றார்.

“வழுக்காம இருக்க. இதுக்கு மேல டேப் போடாதீங்க, சார்.”

“நான் போடல” என்றார். அவர் போடவில்லைதான்.

நான்காம் நாள் தையல்காரரின் குரல் வந்தது. “பெட்டி வந்துச்சும்மா. மேல கீழ எல்லாம் டேப் சுத்தி, மம்மி மாதிரி இருக்கு. நடுவுல எங்கயோ சுத்திட்டாங்க போல. பரவால்ல, நீங்க நல்லாத்தான் செஞ்சிருப்பீங்க. அடியில டேப்புக்கு நடுவுல கால் நீட்டிக்கிட்டு இருக்கு, நகரவே இல்ல. சும்மா சொல்லலாம்னு போட்டேன்.”

அவள் அதை இரண்டாவது முறையும் கேட்டாள். காது சூடாவதுபோல இருந்தது. என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது. கோபம்தான் அது. கூரியர் ஆபீஸுக்குப் போய் நின்றாள். எடை போடுகிறவர் கையை விரித்தார்.

“பெரிய கிடங்குல எல்லாத்துக்கும் சுத்துவாங்கம்மா. ரூல். நான் என்ன பண்ண?”

“டேப் வேண்டாம்னு நான் சொன்னேன்.”

“என்கிட்ட சொன்னீங்க. அது மெஷின், அதுகிட்ட யார் சொல்றது?”

அதோடு கோபமும் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் அது எங்கே போனது என்று தேடினால்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தையல்காரரின் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பேருந்து ஏறினாள். நாலு மணி நேரப் பயணம். அண்ணன் போன பிறகு அவள் பேருந்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்தார். இளவயசுக்காரர், பை புதிது. அவள் டிக்கெட்டை மடித்துக் கைக்கடிகாரப் பட்டையில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அழுகை வருமோ என்று கொஞ்ச தூரம் காத்திருந்தாள். வரவில்லை. தூங்கிப்போனாள்.

தையல்காரரின் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னறையில் தையல் மிஷின் துணி போர்த்திக் கிடந்தது. அதன் மேல் பெட்டி. அறுபது வயது இருக்கும் அவருக்கு. வலது கை மடியில் கிடந்தது. “நான்தான் கப் அனுப்பினேன்” என்று அவள் சொன்னதும் அவர் வாய் திறந்தபடி இருந்தது.

“இவ்வளவு தூரமா? இதுக்காகவா?”

“இன்னும் பிரிக்கலையா?”

“மககிட்ட தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நேத்துலேருந்து முறைச்சுக்கிட்டுத் திரியறா.”

சில்லறை பையிலிருந்து கத்தரியை எடுத்தாள். கிடங்கில் சுற்றிய டேப்பை மட்டும் வெட்டி உரித்து, உருண்டையாகச் சுருட்டித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். துணிப்பட்டையைத் தொடவில்லை. பெட்டியை அவர் முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவர் பொத்தானை முதலில் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். “நூல் போதாது. இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கணும்” என்றார். பிறகு இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது, மூடி தூக்கியது. பெட்டி அசையவில்லை. மூன்று விரல்களைப் பிடிக்குள் நுழைத்துக் கோப்பையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“படத்துல கொஞ்சம் பெருசாத் தெரிஞ்சுது” என்றார்.

“எல்லாரும் அதான் சொல்றாங்க.”

அதற்குள் வேலைக்குப் போயிருந்த மகள் மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்தாள். திறந்த பெட்டியையும் அப்பாவையும் முன்பின் தெரியாத ஒருத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாருப்பா பிரிச்சது?”

“நான்தான்.”

“சும்மா சொல்லாதீங்க.” மகள் இவள் பக்கம் திரும்பினாள். “நீங்கதானே பிரிச்சீங்க?”

“இல்ல. டேப் மட்டும்தான் நான் வெட்டினேன். மத்ததெல்லாம் அவர்தான்.”

மகள் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பாத்திரங்களின் சத்தம் கேட்டது. தையல்காரர் கோப்பையைக் கையிலிருந்து விடாமல், நழுவி இறங்கிய தன் மூக்குக்கண்ணாடியைத் தோளால் தள்ளி ஏற்றப் பார்த்தார். அது மறுபடியும் நழுவியது.

“அதைக் குடுங்கய்யா” என்றாள் சில்லறை.

கழற்றிப் பார்த்தாள். ஒரு பக்கக் கம்பி வெளியே வளைந்திருந்தது. தோள் இடித்து இடித்து வளைந்ததாக இருக்க வேண்டும். திருகும் தளர்ந்திருந்தது. பைக்குள் எப்போதும் கிடக்கும் சின்னக் குறடு, திருப்புளி இரண்டையும் எடுத்தாள். திருகை முடுக்கி, கம்பியை விரல் சூட்டில் கொஞ்சம் வைத்திருந்து மெதுவாக உள்ளே வளைத்தாள். லென்ஸை முந்தானையில் துடைத்து, அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

“எப்படி இருக்கு?”

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “நழுவல. ஆனா இடது காது பின்னால குத்துதும்மா.”

அவள் மறுபடியும் கழற்றி, ஜன்னல் பக்கம் நகர்ந்து, இடது கம்பியின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.