வைத்தி சாரைக் காலி செய்யும் தீர்மானம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வலியசாலை வாசகசாலையின் ஆண்டுக் கூட்டம். போயிருந்தேன். போகாவிட்டால், வராத ஆளைப் பிடித்துச் செயலாளர் ஆக்கிவிடுவார்கள் - அந்தப் பயம்தான்.

கூட்டம் முழுக்க வீரர்கள்! எமர்ஜென்சியை எதிர்க்காத ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஒருத்தர் வீட்டுக்குள்ளேயே எதிர்த்தாராம். இன்னொருத்தர் மனசுக்குள். இத்தனை நாளும் பேப்பரில் கிரிக்கெட்டும் வரன் விளம்பரமும் மட்டும் படித்துக்கொண்டிருந்த மகான்கள், டெல்லியில் ஆட்சி மாறியதும் ஒரே கர்ஜனை. கேரளத்தில் என்னவோ பழைய ஆட்களேதான் ஜெயித்தார்கள். அதனால் என்ன? தைரியம் டெல்லியிலிருந்து பார்சலில் வந்து சேர்ந்துவிட்டது.

இவ்வளவு வீரத்தையும் காட்ட ஒரு ஆள் வேண்டாமா? கிடைத்தார் - வைத்தி சார்.

வாசகசாலையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்துகிறவர். பழைய மெஷின்கள். அதை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. போன வருஷக் கூட்டத்தில் இதே மனிதர் எழுந்து, எமர்ஜென்சியால்தான் நாட்டில் ஒழுங்கு வந்தது, வாயாடிகளை உள்ளே தள்ளியது ரொம்பச் சரி என்று பேசினார். பலத்த கைதட்டல். நான் தட்டவில்லை... கையில் காப்பி டம்ளர் இருந்தது.

இந்த வருஷம் தீர்மானம் என்ன தெரியுமோ? அப்படிப் பேசியவருக்கு வாசகசாலையில் இடமில்லை, அறையை உடனே காலி செய்ய வேண்டும். போன வருஷம் கை சிவக்கத் தட்டிய தலைவர்தான் வாசித்தார். என்ன ஒரு உச்சரிப்பு, என்ன ஒரு ஆவேசம்!

வைத்தி சார் ஏதோ சொல்ல எழுந்தார். உட்காரும் ஓய் என்று நாலு பக்கமும் சத்தம். உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்த வயதில் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

ஆட்சேபம் உண்டா என்று தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். உண்டு என்று பின்னாலிருந்து ஒரு குரல். பார்த்தால், கோலப்ப பிள்ளை.

பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நாகர்கோவில்காரர். முன்கோபி. எமர்ஜென்சி சமயம், ரயில் நேரத்துக்கு வருவது இருக்கட்டும், ரேஷன் அரிசி எப்போது வரும் என்று கடைவாசலில் நின்று உரக்கக் கேட்டார். போலீஸ் அழைத்துக்கொண்டு போய் பதில் சொன்னது - லத்தியால். வைத்தி சார் சொன்ன வாயாடி சாட்சாத் இவர்தான். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் லாக்கப்பில்.

காலி செய்தால் மட்டும் போதாது என்று சொல்லப் போகிறார் என்றே எல்லோரும் நினைத்தோம். தலைவர் பவ்யமாக மைக்கைக் கொடுத்தார்.

"வைத்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது, கேட்டேளா? இனியும் ஆகாது" என்றார் பிள்ளை. "ஆனா, பேசினதுக்காக ஒருத்தன் பொழப்பைப் பிடுங்கலாம்னா, என்னை அடிச்சதும் சரிதானே? பின்னே நான் எதுக்குவே அடி வாங்கினேன்?"

தலைவர் விஷயத்தைத் தள்ளிப்போடப் பார்த்தார். பிள்ளை விடவில்லை. முதலில் வைத்தி பேசட்டும், அப்புறம் ஓட்டுக்கு விடுங்கள் என்று அடம்பிடித்தார்.

வைத்தி சார் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார், பிள்ளைக்கு நன்றியாவது சொல்வார் என்று காத்திருந்தோம். மனிதர், ஒழுங்கில்லாத நாடு உருப்படாது என்று ஆரம்பித்தார்... முடிக்கவே இல்லை! அதே பேச்சு. போன வருஷத்தைவிட நீளம்.

வீரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். ஓட்டுக்கு விட்டபோது மிச்சமிருந்தவர்களில் ஒருத்தர்கூடத் தீர்மானத்துக்குக் கை தூக்கவில்லை. கிளாஸ் தப்பித்தது. பிள்ளை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி வார்த்தை வரை அசையாமல் கேட்டிருந்தார்.

பேச்சுரிமைக்காக அடிகூட வாங்கிவிடலாம் போலிருக்கிறது... அடுத்தவர் அதைப் பயன்படுத்தும்போது உட்கார்ந்து கேட்பதுதான் பிராணாவஸ்தை.