அப்பாவின் கையோடு வந்த சடை

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இடுப்பைத் தாண்டிய சடை இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்துகிறவள். சாணை மெஷினில் முடி மாட்டினால் தலையே போய்விடும் என்று, சடையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டுதான் ஸ்விட்சைப் போடுவாள். "இத்தனை நீளத்தை வெச்சுக்கிட்டு அல்லாடுறியே, பாதி வெட்டிடேன்" என்று முதலாளி மாதம் ஒருமுறையாவது சொல்வார். அவள் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தச் சடையைத் தினமும் பின்னிவிட்டது அவளுடைய அப்பா.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்ப வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஜன்னல் கம்பியில் மூன்று கயிறுகளைக் கட்டி, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின்னிப் பழகினார். முதல் வாரம் ஒரு சடை காதுக்கு மேலும் இன்னொன்று பிடரியிலுமாகத் தொங்கியது. ஒரு மாதத்தில் கை படிந்துவிட்டது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதல் டிரிப்புக்குக் கிளம்புமுன் ஆறரை மணிக்கு, "குருவி, உட்காரு" என்பார். அவள் ஸ்டூலில் உட்காருவாள்.

இருபத்தைந்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நாலு வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காரு" என்றார். அவ்வளவுதான்.

எழுபத்தைந்துக்கு மேல் அவருக்கு நினைவு கழன்றுகொண்டே வந்தது. அம்மா செத்ததை மறந்தார். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய ரூட் மறந்தது. குளித்தோமா, சாப்பிட்டோமா என்பதும் மறந்தது. ஆனால் ஆறரை மணியும் சீப்பும் மட்டும் மறக்கவில்லை. எந்தச் சட்டையை எப்படிப் போடுவது என்று தெரியாமல் விழிக்கிற மனுஷன், சீப்பைக் கையில் எடுத்தால் வகிடு நூல் பிடித்த மாதிரி வரும். பகலில் எதிர்வீட்டு அக்கா அவரைப் பார்த்துக்கொண்டார். அக்காவுக்கும் வயது அறுபத்தைந்தாகிவிட்டது. "டிரைவரண்ணே, அடங்கி உக்காருங்க" என்று அதட்டினால் கேட்டுக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்தது. அடுத்து ஆறு கீமோ என்றார்கள். டாக்டர் வாந்தி, காய்ச்சல், ரத்த அணுக்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"முடி என்னிக்குக் கொட்டும்?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். "பொம்பளைங்க எல்லாரும் இதைத்தான் முதல்ல கேப்பீங்க. ரெண்டு மூணு வாரத்துல ஆரம்பிச்சிடும். அப்புறம் வளந்துடும்மா, கவலைப்படாதீங்க."

வளரும் என்பது அவளுக்கும் தெரியும். அதுவரை ஆறரை மணிக்கு அப்பாவுக்கு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

பதினேழாவது நாள். முந்தின நாளே தலையணை முழுக்க முடி. ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நினைத்தாள். அப்பாவோ ஸ்டூலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தாள். அப்பா முடியை மூன்றாகப் பிரித்து, முதல் முறுக்கை இறுக்கினார். வலிக்கவே இல்லை. ஈர மண்ணிலிருந்து செடி வருகிற மாதிரி, பிடரியிலிருந்து ஒரு கொத்து அவர் கையோடு போய்விட்டது.

அவள் திரும்பிப் பார்த்தபோது அப்பா அந்த முடியைத் திரும்பத் திரும்ப அவள் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அது நிற்காமல் தோளில் சரிந்தது. இன்னொரு கொத்தும் கூடவே வந்தது.

"நான் இழுத்துட்டேனா? ரொம்ப இறுக்கிட்டேனா குருவி? வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. அது பழைய முடி. தானா வருது. நீங்க ஒண்ணும் பண்ணலப்பா."

அவர் கேட்கவில்லை. வலது கையை இடது கையால் படார் படாரென்று அடித்தார். அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் சோற்றில் கைவைக்கவில்லை. சாயங்காலம் அக்கா, தன் புருஷனின் டிரிம்மரை எடுத்து வந்து, பாத்ரூமில் அவளை உட்காரவைத்து மிச்சத்தை மழித்துவிட்டார். டிரிம்மர் மட்டும் கர்ரென்று பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் காபியோடு போய் நின்றாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா நீ? புது கண்டக்டரா?"

அவள் காபியை நீட்டினாள்.

"உள்ள வந்து உக்காரு தம்பி. வண்டி எடுக்க நேரமிருக்கு. என் பொண்ணுக்குத் தலை பின்னி அனுப்பிட்டு வந்துடறேன். குருவி! எங்கம்மா இருக்கே?"

அறை அறையாகத் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அப்பா, நான்தான்பா" என்று அவள் பின்னாலேயே போனாள். அவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்.

அந்த வாரமே விக் ஒன்று வாங்கினாள். தன்னுடைய முடி மாதிரியே கருகருவென்று, பின்னல் போட்டது. அதை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றதும் அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. "என் பொண்ணு முடியை நீ ஏன் போட்டிருக்கே? அவளை என்ன பண்ணினே?" என்று கத்திக்கொண்டு கை ஓங்கிவிட்டார். விக் அலமாரிக்குள் போனது போனதுதான்.

அப்படித்தான் அவள் அந்த வீட்டில் கண்டக்டர் தம்பி ஆனாள். பெற்ற அப்பாவை "அண்ணே" என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள். அண்ணே என்றால் சாப்பிட்டார், அண்ணே என்றால் மாத்திரை போட்டுக்கொண்டார். எல்லாம் மறந்துபோகிற அவருக்கு முடி கையோடு வந்த அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் மறக்கவில்லை.

"என் பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா தம்பி" என்பார். "முடியைப் பிச்சுட்டேன். இந்தக் கைதான்."

"கோவமெல்லாம் இல்லண்ணே."

"உனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட சொன்னாளா?"

கடையிலும் அவளுக்கு நிம்மதியில்லை. கண்ணாடிக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி. முன்பக்கம் போகாமல் பின்னறையிலேயே கிடந்தாள். புருவம் போயிற்று. இமை முடியும் போனபிறகு லென்ஸ் தூள் நேராகக் கண்ணில் விழுந்து உறுத்தியது. பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். கண் கலங்கினால் தூள் என்று சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு வசதி.

ஒரு மத்தியானம், அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்கக் கடையிலிருந்து அக்காவுக்கு போன் பண்ணினாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"குருவி!"

அவள் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"அப்பா..."

"எங்கம்மா இருக்கே? எத்தனை நாளாத் தேடுறேன்! கோவமா?"

"கோவமே இல்லப்பா. வெளியூர்ல வேலைப்பா. அதான் வர முடியல."

"தலை யாரு பின்னி விடுறாங்க?"

"நானே பின்னிக்கிறேன்."

"கோணலா இருக்கும்" என்றார் அப்பா.

முகத்தை மறந்தவருக்குக் குரல் மறக்கவில்லை. அதே குரலில் அவள் நேரில் பேசினால் ஒட்டவில்லை. இந்த மொட்டைத் தலை குறுக்கே வந்துவிடுகிறது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு மகள் போன் பண்ணினாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்டக்டர் தம்பி வீட்டுக்கு வந்தான். "தம்பி, பொண்ணு பேசினா. கோவம் இல்லையாம்" என்று அவனிடம்தான் முதலில் சொல்வார். அடுத்த நாள் காலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்: முடியைப் பிச்சுட்டேன், கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. ஒரு மணி வரை அவர் அந்தப் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். அவளும்தான்.

ஐந்தாவது கீமோ முடிந்த வாரம் அப்பாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது நாள் காலையில் டாக்டர், பேச வேண்டியவர்கள் பேசிவிடுங்கள் என்றார்.

அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கு நடுவிலும் "குருவி" என்றார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள். "அப்பா, இதோ பாருங்க. நான்தான். முடிதான் போச்சு. வேற ஒண்ணும் மாறலப்பா."

அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணில் பழைய கனிவு இருந்தது. "நீ நல்ல பிள்ளை தம்பி. ஆனா அவ வரணும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பாவின் கையை மெத்தையில் மெதுவாக வைத்துவிட்டு, எழுந்து, வார்டுக் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனாள். கதவில் பதித்த கண்ணாடி வழியே கட்டில் தெரிந்தது. பத்தடிகூட இருக்காது. போன் போட்டாள். அக்கா அதை எடுத்து அப்பாவின் காதில் வைத்தார்.

"அப்பா, குருவி பேசுறேன்."

கதவுக்கு அப்பால் அந்த முகம் மலர்ந்தது. "வந்துட்டியா?"

"பக்கத்துலதான்பா இருக்கேன். வந்துக்கிட்டே இருக்கேன்."

"இனிமே மெதுவாப் பின்னுறேம்மா. இழுக்க மாட்டேன்."

"நீங்க இழுக்கவே இல்லப்பா. ஒரு நாளும் எனக்கு வலிச்சதே இல்ல."

அவர் கை போர்வையின் மேல் எதையோ தேடித் துழாவியது. கையைப் பிடிக்க வேண்டும் என்றால் அவள் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் மகள் இருக்க மாட்டாள். நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டேன், எந்தச் சட்டை போட்டிருக்கிறேன், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று வாயில் வந்ததையெல்லாம். அவர் உம், உம் என்றார். பிறகு உம் நின்றது. தூங்கிவிட்டார் என்று அக்கா சைகை காட்டினார்.

அப்போதுதான் உள்ளே போய்க் கையைப் பிடித்தாள். சாயங்காலம் ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"தம்பி, எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சுண்ணே."

"எடுக்கலாமா?"

"ரைட், போலாம்ணே" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறாவது கீமோவுக்கு அவள் தனியாகப் போய்வந்தாள். நாலு மாதத்தில் முடி வந்தது. சாம்பல் நிறத்தில், சுருட்டை சுருட்டையாக, யாருடையதோ போல. கழுத்தைத் தொட்டதும் சலூனுக்குப் போய் வெட்டிக்கொண்டாள். பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்றார்கள். நல்லது என்றாள்.

ஒருநாள் அக்கா வீட்டு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "உன்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்ல. உங்கப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, 'அந்தக் கண்டக்டர் பையன் எலும்பும் தோலுமா இருக்கான், வீட்டுல சரியா சோறு போட மாட்டாங்க போல. நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டி வைக்கணும்'னாரு. தன் தட்டுல இருந்த பாதியை எடுத்து உனக்குன்னு மூடி வெச்சாரு."

"நிஜமாவா?"

"நீ வர்றதுக்குள்ள அவரே மறந்து தின்னுட்டாரு, அது வேற கதை."

அவள் சிரித்தாள். அடக்கமாட்டாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.