நான்காம் நாளுக்குப் பிறகு

என் மனைவிக்குச் சம்பளம் கொடுப்பதே எண்ணுவதற்குத்தான். துருவக் கடலில் எண்ணெய் கொட்டினால் அங்குள்ள உயிர்களுக்கு என்ன ஆகும் என்று சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. எண்ணெய் கலந்த பனிக்குளிர் நீரில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய இறால் குஞ்சுகளை விட்டு, எத்தனை செத்தது, எத்தனை பிழைத்தது என்று எழுதுவாள். துருவத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போய் வருவதோடு சரி.

விதிப்படி சோதனை நான்கு நாள். அந்தத் தடவை நான்காம் நாள் ஒன்றுகூடச் சாகவில்லை. ‘ஆபத்து குறைவு’ என்று அறிக்கை தயார். இரண்டு வாரத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடலில் எண்ணெய்க் கப்பல்கள் போக வழி திறந்துவிடும். குளிரில் அந்தக் குஞ்சுகளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும், சாவும் தாமதமாகத்தான் வரும் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். குடுவைகளைக் கழுவி வை என்றார்கள்.

கழுவவில்லை. சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள்.

அன்றே எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து பாலும் தக்காளியும் குடிபெயர்ந்தன. எண்ணெய்க் குடுவை இரண்டு, சுத்தமான குடுவை ஒன்று, ஒவ்வொன்றிலும் இருபது குஞ்சுகள். கதவுக்குப் பூட்டு வேறு. குளிர்ந்த தண்ணீர் கேட்டு ஓய்ந்துபோன என் அம்மா, “குழந்தைங்க எப்படி இருக்கு?” என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். தினமும் காலையில் இவள் டார்ச் அடித்து எண்ணுவாள், நான் எழுதுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதுகள்மேல் பாசமே வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் எண்ணெய்க் குடுவைகளில் மூன்று அசையவில்லை. பதினோராம் நாள் பதினேழு. சுத்தமான குடுவையில் இருபதும் துள்ளிக்கொண்டிருந்தன. இவள் என் கையைப் பிடித்துச் சமையலறை முழுக்க ஒரு சுற்று ஆடினாள். எனக்கு ஆடத் தெரியாது, ஆனாலும் ஆடினேன். கரண்டிகள் உருண்டன, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று இவள் நின்றாள்.

“பாவம்ங்க. செத்ததுக்குப் போய் ஆடுறோம்.”

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

இவள் போன் செய்ததும் சாயந்திரமே தலைவர் வந்தார். ஃபிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டு மூன்று தடவை எண்ணினார். வீட்டு ஃபிரிட்ஜில் செய்ததெல்லாம் கணக்கில் சேராது என்றார். இவள் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவர் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, கையெழுத்துப் போடாமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“முறைப்படி மறுபடியும் பண்ணலாம்மா. எத்தனை நாள் வேணும்?”

“சாகறதுக்கு அதுங்களுக்கு எத்தனை நாள் ஆகுதோ, அத்தனை நாள் சார்.”